இடிபாட்டிலிருந்து சாலைக்கு: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் சாலைப் பணிகளின் தரக்கட்டுப்பாட்டில் இருப்பதால், வீடு இடிப்பவர்கள், ஒப்பந்தக்காரர்கள், ஊராட்சி உறுப்பினர்கள் என்று பலரும் கட்டட இடிபாட்டைச் சாலைக்குப் பயன்படுத்துவது பற்றி என்னிடம் ஒரே சந்தேகங்களைத் திரும்பத் திரும்பக் கேட்கிறார்கள். அவர்கள் கேட்ட விதத்திலேயே கேள்விகளை வைத்து, எனக்குத் தெரிந்த பதில்களை ஒரே இடத்தில் தொகுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை.

இடிச்ச வீட்டு ரப்பிஷை வெச்சு ரோடு போடலாம்னு சொல்றாங்களே, நிஜமாவா?

நிஜம்தான். ஆனால் இடித்ததை அப்படியே லாரியில் ஏற்றிக் கொட்டுவது இல்லை. கான்கிரீட், செங்கல், கல், காரை எல்லாவற்றையும் பிரித்து, உடைத்து, சலித்து, அளவுவாரியாக ஜல்லியும் மணலும் ஆக்கிய பிறகு அது சாலைப் பொருள் ஆகிறது. இந்தியாவின் முதல் மறுசுழற்சி நிலையம் டெல்லியின் புராரியில் 2009-இல் தொடங்கியது. சென்னை மாநகராட்சிக்குக் கொடுங்கையூரிலும் பெருங்குடியிலும் தலா ஒரு நாளைக்கு 400 டன் கையாளும் நிலையங்கள் இருக்கின்றன.

ரோட்டுல எந்த இடத்துல போடுவாங்க? மேல தெரியற தாரிலயா?

பெரும்பாலும் கண்ணுக்குத் தெரியாத அடி அடுக்குகளில். ஒரு தார்ச் சாலையைக் குறுக்கே வெட்டிப் பார்த்தால் கீழே இறுக்கிய மண், அதன் மேல் நாம் ஜிஎஸ்பி என்று சொல்லும் துணை அடித்தளம், அதற்கு மேல் வெட்மிக்ஸ் (ஜல்லியை அளவான தண்ணீரோடு கலந்து போடும் அடித்தளம்), கடைசியாகத் தார் அடுக்குகள் என்று வரும். வண்டியின் பாரம் மேலிருந்து கீழே போகப் போக அகலமாகப் பரவி, அழுத்தம் குறைந்துகொண்டே போகும். ஆகவே கீழ் அடுக்குக்கு மேல் அடுக்கின் அளவு உறுதியான கல் வேண்டியதில்லை.

இடிபாட்டு ஜல்லிக்கு முதல் இடம் ஜிஎஸ்பி. நல்ல கான்கிரீட்டிலிருந்து வந்ததென்றால் வெட்மிக்ஸ் வரை போகலாம். சாலையை உயர்த்தும் கரையை நிரப்புவதற்கும், கான்கிரீட் சாலையின் அடியில் போடும் மெலிந்த கலவைக்கும், நடைபாதைக் கல்லுக்கும், ஓரக் கல்லுக்கும் பயன்படும். டயர் நேரடியாக உரசும் மேல் தார் அடுக்குக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன். அங்கே கருங்கல் ஜல்லிதான் சரி.

எங்க ஊர்ல ரொம்ப காலமா பள்ளத்துல ரப்பிஷ் கொட்டி, மேல கிராவல் போட்டு ரோடு போடறாங்க. அதுக்கு எதுக்கு பிளான்ட்டு, மெஷினு?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இதுதான். நிறைய சேதம் நடப்பதும் இந்த நினைப்பால்தான்.

கொட்டிய ரப்பிஷில் முழுச் செங்கல் இருக்கும், அரைத் தூண் இருக்கும், சிமென்ட் மூட்டைச் சாக்கு, மரச் சட்டம், ஒயர், துணி எல்லாம் இருக்கும். பெரிய துண்டுகள் ஒன்றின்மேல் ஒன்று முட்டுக்கொடுத்து நிற்பதால், சாக்கில் தேங்காய் அடுக்கியதுபோல நடுவில் வெற்றிடம் நிறைய விழும். ரோலர் மேலே போனாலும் அந்த முட்டு உடனே உடையாது, பார்க்கக் கெட்டியாகத்தான் இருக்கும். அடுத்த மழையில் மேலே போட்ட கிராவலின் நுண்மண் அந்த வெற்றிடத்துக்குள் இறங்கும். மரம் மக்கும். அப்புறம் சாலை ஓர் இடத்தில் உள்வாங்கும், பக்கத்திலேயே மேடாக நிற்கும்.

அதைவிட எனக்கு வருத்தம் தருவது, 'பள்ளம்' என்று நாம் சொல்லும் இடம் பல சமயம் பள்ளமே இல்லை. ஏரியின் நீர்ப்பிடிப்பு, வாய்க்கால், சதுப்பு நிலம் ஆகியவைதான் ரப்பிஷ் லோடுக்குப் பலியாகின்றன. 2022-இல் ராம்சர் பட்டியலில் (உலக முக்கியத்துவம் பெற்ற ஈரநிலங்களின் பட்டியல்) இடம்பெற்ற பள்ளிக்கரணை சதுப்பு நிலத்தின் ஓரங்களிலேயே கட்டடக் கழிவு கொட்டப்பட்டிருக்கிறது. வெள்ளம் வரும்போது தண்ணீர் நிற்க வேண்டிய இடத்தை நாமே நிரப்பிவிட்டு, பிறகு வீட்டுக்குள் தண்ணீர் வந்துவிட்டதே என்று கலங்குகிறோம்.

பிளான்ட்ல அப்படி என்னதான் செய்றாங்க?

வண்டியை எடை மேடையில் ஏற்றி எடை எடுத்த பிறகு ஆட்கள் கையால் மரம், பிளாஸ்டிக், துணியை எடுப்பார்கள். சலிப்புத் தட்டில் மண் கீழே விழும். தாடைக் கிரஷரில் பெரிய துண்டுகள் உடையும்போது உள்ளே இருக்கும் கம்பி வெளியே வரும், மேலே தொங்கும் காந்தம் அதை இழுத்துக்கொள்ளும். மறுபடி ஒரு கிரஷர், பிறகு 40, 20, 10 மி.மீ. என்று சல்லடைகள்.

சில நிலையங்களில் தண்ணீரால் கழுவும் முறையும் உண்டு. மிதக்கும் மரமும் பிளாஸ்டிக்கும் தனியே போகும், மணலில் ஒட்டிய களிமண் சேறாகப் பிரியும். கழுவிய மணலின் தரம் உலர் முறையில் வருவதைவிடத் தெளிவாகவே நன்றாக இருக்கும். அந்தத் தண்ணீரைத் தெளிய வைத்துத் திரும்பப் பயன்படுத்த வேண்டும், சேற்றுக்கும் ஒரு வழி பார்க்க வேண்டும்.

இத்தனை இருந்தும், எந்த இயந்திரமும் சரிசெய்ய முடியாதது ஒன்று உண்டு. உள்ளே வருவது குப்பையோடு கலந்து வந்தால் வெளியே போவதும் தரம் குறைந்துதான் போகும். தரம் முக்கால்வாசி இடிக்கும் இடத்திலேயே முடிவாகிவிடுகிறது.

செங்கல் ஜல்லியும் கான்கிரீட் ஜல்லியும் ஒண்ணுதானே?

இல்லை. கான்கிரீட்டை மட்டும் உடைத்து எடுப்பது ஒரு வகை. செங்கல், காரை, ஓடு, கான்கிரீட் எல்லாம் கலந்து வருவது இன்னொரு வகை. தரக் கோடும் (code, தர நிர்ணயத் தொகுப்பு) இரண்டையும் தனித்தனியாகத்தான் பார்க்கிறது. ஜல்லிக்கான இந்தியத் தரக் கோடான ஐஎஸ் 383-இன் 2016 பதிப்பின்படி கான்கிரீட்டிலிருந்து வந்த ஜல்லியை, கம்பி இல்லாத கான்கிரீட்டில் 25 விழுக்காடு வரையும், எம்25 என்ற உறுதித் தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரையும், எம்15-க்குக் கீழான மெலிந்த கலவையில் முழுவதுமாகவும் சேர்க்கலாம். கலப்பு ஜல்லிக்கு அந்த மெலிந்த கலவை மட்டுமே.

இதனால் செங்கல் உதவாது என்று ஆகிவிடாது. சுட்ட செங்கல்லை இடித்து மாவாக்கிச் சுண்ணாம்போடு சேர்க்கும் சுர்க்கி நம் கொத்தனார்கள் நன்கு அறிந்த பொருள். 1895-இல் கட்டி முடித்த முல்லைப் பெரியாறு அணையே சுண்ணாம்பும் சுர்க்கியும் கொண்டு எழுந்ததுதான். சாலையில் செங்கல் ஜல்லியின் இடம் கரை நிரப்புவதும் ஜிஎஸ்பியும்தான். அதுவும் பாரம் குறைந்த தெருக்களில், பரிசோதனையில் தேறினால்.

எஸ்டிமேட்ல இல்லாததை நான் எப்படிப் போடுவேன்? ஏ.இ. (உதவிப் பொறியாளர்) ஒத்துக்க மாட்டாரே?

எஸ்டிமேட்டில் இல்லாமல் போடக் கூடாது, அது சரி. ஆனால் எஸ்டிமேட்டில் சேர்ப்பதற்குத் தடை எதுவும் இல்லை. இந்திய சாலை காங்கிரஸ் 2017-இல் இதற்கென்றே ஐஆர்சி 121 என்ற வழிகாட்டியை வெளியிட்டிருக்கிறது. 'கோடு இல்லை' என்ற பதில் அப்போதே காலாவதியாகிவிட்டது.

மத்திய அரசின் 2016 கட்டடக் கழிவு மேலாண்மை விதிகள் இன்னும் ஒரு படி மேலே போயின. உள்ளாட்சி, அரசு ஒப்பந்தங்களில் 10 முதல் 20 விழுக்காடு அளவுக்கு இந்தப் பொருட்களை வாங்குவதைக் கட்டாயமாக்க வேண்டும், தரக் கட்டுப்பாடு கண்டிப்பாக இருக்க வேண்டும் என்றன. டெண்டர் எழுதும் மேசையில் இந்த வரி இடம்பெறாத வரை, நிலையத்தில் ஜல்லி மலைபோலக் குவிந்துதான் கிடக்கும். ஒப்பந்தக்காரர் மீது மட்டும் இந்தப் பழியைப் போடுவது நியாயம் இல்லை.

இம்பேக்ட் டெஸ்ட்ல இது பாஸ் ஆகுமா?

சாலைத் துறை அமைச்சகத்தின் விவரக்குறிப்பில் வெட்மிக்ஸ் ஜல்லியின் மோதல் மதிப்பு, அதாவது இம்பேக்ட் டெஸ்ட்டில் அடி வாங்கி நொறுங்கும் பங்கு, 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது, ஜிஎஸ்பிக்கு 40 வரை போகலாம். மதிப்பு கூடக் கூட கல் எளிதில் நொறுங்கும் என்று பொருள். நல்ல கான்கிரீட்டிலிருந்து வந்த ஜல்லி 30-க்குள் அடங்குவது உண்டு. செங்கல் பங்கு ஏற ஏற மதிப்பும் ஏறும், 40-ஐத் தொட்டுவிடும்.

இன்னொரு விதியைப் பலர் பார்க்காமல் விட்டுவிடுகிறார்கள். ஜிஎஸ்பி ஜல்லி தன் எடையில் 2 விழுக்காட்டுக்கு மேல் தண்ணீர் உறிஞ்சினால், அதை நனைத்த நிலையில் மோதல் சோதனை செய்ய வேண்டும். இடிபாட்டு ஜல்லி அநேகமாக எப்போதும் 2-ஐத் தாண்டும். ஆகவே உலர்ந்த மதிப்பை மட்டும் காட்டும் அறிக்கையை ஏற்காதீர்கள். ஜிஎஸ்பிக்கு சிபிஆர் (பாரம் தாங்கும் திறனின் அளவு) குறைந்தது 30, நுண்மண்ணின் களித்தன்மையைக் காட்டும் திரவ வரம்பு 25-க்குள், நெகிழ்வுக் குறியீடு 6-க்குள் என்பவையும் இதற்கும் அப்படியே பொருந்தும். மறுசுழற்சிப் பொருள் என்பதற்காக எந்தச் சலுகையும் கேட்க வேண்டாம். சலுகையில் தேறிய பொருளை அடுத்த முறை யாரும் நம்ப மாட்டார்கள்.

எவ்வளவு தண்ணி ஊத்தினாலும் குடிச்சுக்கிட்டே இருக்கே, ரோலர் ஓட்டவே முடியலையே?

இடிபாட்டு ஜல்லியில் கல்லின் மேல் பழைய சிமென்ட் சாந்து ஒட்டியிருக்கிறது, அதில் நுண்துளைகள் நிறைய. கருங்கல் தன் எடையில் 1 விழுக்காட்டுக்கும் குறைவாக உறிஞ்சும் இடத்தில் இது 3 முதல் 7 விழுக்காடு வரை உறிஞ்சும். கருங்கல்லுக்குப் பழகிய கையோடு தண்ணீர் விட்டால் கலவை உலர்ந்துபோய் இறுகாது.

முந்தின நாள் மாலையே குவியலை நனைத்து வையுங்கள். காலையில் கலக்கும்போது கல் குடிக்க வேண்டியதைக் குடித்து முடித்திருக்கும், நீங்கள் சேர்க்கும் தண்ணீர் இறுக்கத்துக்கு மட்டும் பயன்படும். எவ்வளவு ஈரம் என்பதை இந்த ஜல்லியை வைத்தே ஆய்வகத்தில் பிராக்டர் சோதனை செய்து எடுக்க வேண்டும். பழைய வேலையின் எண்ணைக் கொண்டுவந்து போடக் கூடாது. அதிர்வு ரோலரை அளவுக்கு மேல் ஓட்டினால் ஒட்டியிருக்கும் சாந்து உடைந்து தூள் பெருகும். அப்புறம் ஜிஎஸ்பி வடிகால் வேலையைச் செய்யாது.

ஒரு நல்ல செய்தியும் உண்டு. பழைய கான்கிரீட் தூளில் முழுதாக வினைபுரியாத சிமென்ட் கொஞ்சம் மிச்சம் இருக்கும். ஈரத்தில் அது மெல்ல இறுகுவதால், இப்படிப் போட்ட அடித்தளம் காலப்போக்கில் கூடுதல் உறுதி பெறுவது உண்டு.

நாங்க 1,000 சதுர அடி பழைய வீட்டை இடிக்கப்போறோம். நாங்க என்ன செய்யணும்?

முதலில் அளவைத் தெரிந்துகொள்ளுங்கள். கல், கான்கிரீட் கட்டடத்தை இடித்தால் சதுர மீட்டருக்கு 300 முதல் 500 கிலோ வரை கழிவு வரும் என்பது இந்தியாவில் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கணக்கு. ஆயிரம் சதுர அடி என்றால் ஏறக்குறைய 93 சதுர மீட்டர், அதாவது 28 முதல் 46 டன். 2016 விதிகள், ஒரே நாளில் 20 டன்னுக்கு மேல், அல்லது ஒரு திட்டத்தில் மாதம் 300 டன்னுக்கு மேல் கழிவு உண்டாக்குபவர் முன்கூட்டியே மேலாண்மைத் திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும் என்றன. சாதாரண வீடுகூட ஒரே நாளில் ஜேசிபியால் இடித்தால் இந்த வரம்பைத் தாண்டிவிடும். அவற்றுக்குப் பதிலாக வந்த 2025 விதிகள் 2026 ஏப்ரல் 1 முதல் நடைமுறைக்கு வரும் என அறிவிக்கப்பட்டவை. 20,000 சதுர மீட்டரும் அதற்கு மேலும் கட்டுமானப் பரப்புள்ள திட்டங்களுக்கு மறுசுழற்சிப் பொறுப்பை அவை நேரடியாகச் சுமத்துகின்றன.

செய்ய வேண்டியது: கதவு, ஜன்னல், ஒயர், குழாய், ஓடு முதலில் கழற்றப்பட வேண்டும். பிறகு கான்கிரீட் ஒரு குவியல், செங்கல்லும் காரையும் ஒரு குவியல், மண் ஒரு குவியல், கம்பி மரம் பிளாஸ்டிக் ஒரு குவியல். 2016 விதிகளும் இதே நான்கு பிரிவைத்தான் கேட்டன. வீட்டுக் குப்பையை இதில் சேர்க்கவே கூடாது. இடிப்பு ஒப்பந்தம் பேசும்போதே 'பிரித்துத் தர வேண்டும், எங்கே கொண்டுபோய்க் கொட்டினீர்கள் என்ற ரசீது வேண்டும்' என்று எழுதி வாங்குங்கள். சென்னையில் இருப்பவர்கள் 1913 எண்ணிலோ 'நம்ம சென்னை' செயலியிலோ மாநகராட்சியைக் கேட்கலாம்.

ஆஸ்பெஸ்டாஸ் ஷீட், ஃபால்ஸ் சீலிங் எல்லாம் இதுலயே போடலாமா?

போடவே கூடாது. ஆஸ்பெஸ்டாஸ் கிரஷருக்குள் போனால் அதன் நார் காற்றில் கலந்து, அங்கே வேலை செய்யும் ஆட்களின் நுரையீரலுக்குள் போகும். அது தீராத நோய். ஷீட்டை உடைக்காமல், ஈரப்படுத்திக் கழற்றி, அபாயக் கழிவாகத் தனியே ஒப்படைக்க வேண்டும்.

ஃபால்ஸ் சீலிங்கில் இருப்பது ஜிப்சம். அதன் சல்பேட் சிமென்ட்டோடும் ஈரத்தோடும் சேர்ந்தால் உப்பிப் பெருகும் சேர்மத்தை உண்டாக்கும், மேலே இருக்கும் சாலை தூக்கிக்கொள்ளும். சிமென்ட் சேர்த்து இறுக்கும் அடுக்கில் இது மிகவும் ஆபத்து.

இதுல இறங்கற தண்ணி எங்க கிணத்துக்குப் போனா கெடுதல் இல்லையா?

நியாயமான பயம். புதிதாக உடைத்த கான்கிரீட்டின் வழியே இறங்கும் நீரில் காரத்தன்மை அதிகம் இருக்கும். பிஎச் 11-ஐ ஒட்டிக்கூடப் போகும். காற்றிலுள்ள கரியமில வாயுவும் மண்ணும் சேர்ந்து நாளடைவில் அதைக் குறைத்துவிடும். தார் அடுக்கு மேலே மூடியிருப்பதால் உள்ளே இறங்கும் நீரும் குறைவு. ஆனாலும் கிணறு, குளம் ஒட்டிய இடத்திலும், நிலத்தடி நீர் மேலேறி அடுக்கைத் தொடும் இடத்திலும் நான் இதைத் தவிர்க்கவே சொல்வேன். தொழிற்சாலைக் கட்டடம், பெட்ரோல் பங்க் போன்றவற்றின் இடிபாட்டில் எண்ணெயும் ரசாயனமும் ஊறியிருக்கலாம். அதைப் பரிசோதிக்காமல் எடுக்கக் கூடாது.

அந்தக் கார நீருக்கு இன்னொரு குணமும் உண்டு. வடிகால் குழாயிலும் வடிதுணியிலும் (மண்ணைத் தடுத்து நீரை மட்டும் விடும் துணி) சுண்ணாம்புப் படிவு கட்டி அடைத்துவிடும். வடிகால் வாயை ஒட்டிக் கழுவாத கான்கிரீட் தூளைப் போடாமல் இருப்பது நல்லது.

கருங்கல் ஜல்லியை விட மலிவா கிடைக்குமா?

தூரம்தான் தீர்மானிக்கிறது. நகரத்துக்குள் நிலையமும் வேலையும் பக்கத்தில் இருந்து, கல் குவாரி வெகு தூரத்தில் இருந்தால் லாபம். குவாரிக்குப் பக்கத்துக் கிராமத்தில் இது கட்டுப்படியாகாது.

வாங்கும்போது யூனிட் (கன அளவு) கணக்கா, டன் (எடை) கணக்கா என்று பாருங்கள். இடிபாட்டு ஜல்லி கருங்கல்லை விட எடை குறைவு. கருங்கல்லின் ஒப்படர்த்தி (தண்ணீரைவிட எத்தனை மடங்கு கனம்) 2.6–2.7 என்றால் இதற்கு 2.3–2.5 அளவில்தான் இருக்கும். டன்னுக்கு விலை பேசினால் அதே காசுக்கு அதிகக் கன அளவு கிடைக்கும். யூனிட்டுக்குப் பேசினால் அந்த லாபம் இல்லை. ஆனால் ஈரமாக வந்த லோடை டன் கணக்கில் வாங்கினால் தண்ணீருக்கும் சேர்த்துக் காசு கொடுக்கிறீர்கள்.

எவ்வளவு தேவைப்படும் என்பதற்கு ஓர் உத்தேசம்: 5 மீட்டர் அகலம், 150 மி.மீ. கனம், 1 கிலோமீட்டர் நீள ஜிஎஸ்பிக்கு 750 கன மீட்டர், எடையில் ஏறத்தாழ 1,500 டன். சென்னையின் ஒரு நிலையம் முழுத் திறனில் ஓடினால் நான்கு நாள் வேலை. நகரத்துத் தெருக்கள் எத்தனை கிலோமீட்டர் என்று நினைத்தால், இந்த ஜல்லிக்கு இடமில்லை என்று யாரும் சொல்ல முடியாது.

பழைய தார் ரோட்டைச் சுரண்டி எடுக்கறது, பிளாஸ்டிக் ரோடு, எல்லாம் இதுதானா?

மூன்றும் வேறு. சுரண்டி எடுத்த பழைய தார்க் கலவையை மறுபடி தார் அடுக்கிலேயே பயன்படுத்தலாம். அதற்கு ஐஆர்சி 120 என்ற தனி வழிகாட்டி உண்டு. பழையதைச் சுரண்டாமல் மேலே மேலே போட்டால் தெரு உயர்ந்து வீடு பள்ளமாகும். சுரண்டிய பிறகே புதிதாகப் போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாடு தலைமைச் செயலர் அறிவுறுத்தியது இதற்காகத்தான். பிளாஸ்டிக் சாலை என்பது மதுரை தியாகராசர் பொறியியல் கல்லூரிப் பேராசிரியர் வாசுதேவன் கண்ட முறை. சூடான ஜல்லியின் மேல் பிளாஸ்டிக்கை உருக்கிப் பூசி, பிறகு தார் கலப்பார்கள். அது மேல் அடுக்கு, நாம் பேசுவது கீழ் அடுக்கு. ஒரே சாலையில் மூன்றையும் செய்யத் தடை இல்லை.

வெளிநாட்டுல இது நடக்குதா?

நெதர்லாந்தில் கட்டடக் கழிவில் 90 விழுக்காட்டுக்கு மேல் மறுபயன்பாட்டுக்குப் போகிறது, அதில் பெரும்பங்கு சாலை அடித்தளத்துக்கு. கல் குவாரி அதிகம் இல்லாத நாடு அது.

பெரிய அடுக்குமாடியை வெடி வெச்சுத் தகர்க்கறாங்களே, அந்த ரப்பிஷ் இதுக்கு ஆகுமா?

ஆகும். நொய்டாவில் 2022 ஆகஸ்ட் 28 அன்று தகர்த்த இரட்டைக் கோபுரங்களிலிருந்து சுமார் 80,000 டன் இடிபாடு வந்ததாகக் கணக்கிட்டார்கள். அதில் ஒரு பகுதி அங்குள்ள மறுசுழற்சி நிலையத்துக்குப் போனது. வெடிப்பதற்கு முன்பே கதவு, குழாய், ஒயர் எல்லாம் கழற்றிவிடுவதால் மிஞ்சுவது பெரும்பாலும் கான்கிரீட்டும் கம்பியும்தான். ஒரு வகையில் அது பிரித்து இடித்ததற்குச் சமம்.

தானாக இடிந்து விழுந்த கட்டடம் வேறு கதை. மௌலிவாக்கத்தில் 2014 ஜூன் 28 அன்று 11 மாடி இடிந்து 61 பேர் இறந்தார்கள். அப்படிப்பட்ட இடத்தில் இடிபாடு முதலில் வழக்கின் சாட்சியம். புலனாய்வும் மாதிரி எடுப்பதும் முடிந்து அனுமதி வரும் வரை ஒரு கல்லையும் கிரஷருக்கு அனுப்பக் கூடாது.

எங்க ஊர்ல பிளான்ட்டே இல்லை. நாங்க என்ன செய்யறது?

சக்கரத்தில் நகரும் கிரஷர் வாடகைக்குக் கிடைக்கிறது. நான்கைந்து ஊராட்சிகள் சேர்ந்து, புறம்போக்கில் மழைநீர் ஓடாத ஒரு மேட்டிடத்தில் பிரித்த குவியல்களைச் சேர்த்து வைத்தால், ஆண்டுக்கு ஒன்றிரண்டு முறை அதை வரவழைத்து உடைத்துக்கொள்ளலாம். தூசிக்குத் தண்ணீர் தெளிப்பும், குடியிருப்பிலிருந்து தூரமும் வேண்டும். காந்தம் இல்லாத கிரஷராக இருந்தால் கம்பியைக் கையால் எடுக்கும் கூலியையும் கணக்கில் சேருங்கள். ஜிஎஸ்பிக்குப் போடுவதற்கு முன் பக்கத்துப் பொறியியல் கல்லூரி ஆய்வகத்திலாவது, மேலே இம்பேக்ட் டெஸ்ட் கேள்வியில் சொன்ன சோதனைகளை எடுத்துவிடுங்கள்.

இதைப் போட்ட ரோடு மூணு வருஷத்துல உள்வாங்கிடுச்சு. ஜல்லிதான் காரணம்னு எல்லாரும் சொல்றாங்க. எப்படிக் கண்டுபிடிக்கறது?

தோண்டிப் பார்க்காமல் ஜல்லியைக் குறை சொல்லவும் வேண்டாம், காப்பாற்றவும் வேண்டாம். உள்வாங்கிய இடத்தில் ஒரு குழி, நன்றாக இருக்கும் இடத்தில் ஒரு குழி, இரண்டையும் மண் தளம் வரை வெட்டுங்கள். முதலில் கனத்தை அளந்து பாருங்கள், 150 மி.மீ. என்று பில் போட்டு 90 மி.மீ. இருந்தால் வேறு ஆராய்ச்சி தேவையில்லை. அடுத்து ஈரம்: குழியின் அடியில் தண்ணீர் நின்றால் பிரச்சினை வடிகாலில். கருங்கல் போட்டிருந்தாலும் இப்படித்தான் ஆகியிருக்கும். மூன்றாவது, மக்கிய மரமோ சாக்கோ முழுச் செங்கல்லோ வந்தால், பிரிக்காத ரப்பிஷைக் கொட்டியிருக்கிறார்கள். நான்காவது, இரண்டு குழியிலும் ஜல்லி எடுத்துச் சலித்துப் பாருங்கள். உள்வாங்கிய குழியில் மட்டும் தூள் மிக அதிகமாக இருந்தால் கல் நொறுங்கியிருக்கிறது, செங்கல் பங்கு அளவு மீறியிருக்கலாம். அப்போதுதான் குற்றம் ஜல்லியுடையது.

வேலை நடக்கும்போதே ஒவ்வொரு 500 டன்னுக்கும் ஒரு மூட்டை மாதிரியை எடுத்து, தேதியும் சாலையின் தூர அடையாளமும் எழுதிக் கட்டி, குறைபாட்டுப் பொறுப்புக் காலம் (குறை வந்தால் ஒப்பந்தக்காரரே சரிசெய்ய வேண்டிய காலம்) முடியும் வரை வைத்திருக்கச் சொல்கிறேன். 500 டன் என்பது நான் வைத்துக்கொண்ட அளவு, விதி இல்லை. அந்த மூட்டை கையில் இருந்தால் மூன்று வருடம் கழித்து வரும் சண்டை ஒரு சல்லடையோடு முடிந்துவிடும்.